எங்கள் இரண்டாவது கேசட்டும் அகர வரிசையும்

ரெக்கார்டிங்கின் முதல் நாள் திருச்சி ஸ்டூடியோவில் எங்கள் ஆட்கள் ஏழு பேர் இருந்தோம். கீபோர்டில் குழுத் தலைவர் கலியமூர்த்தி மாஸ்டர். பாடுவதற்குக் குமாரும் மலர்க்கொடி அக்காவும். தவில், பறை, ரிதம் பேடு என்று மூன்று பேர். மிக்சர் ஆபரேட்டர் என்ற முறையில் நான். வராதவர்கள் ஐந்து பேர். அவர்களில் நால்வர் ஆட்டக்காரர்கள். “ஆடுறது கேசட்டுல தெரியவா போவுது?” என்று மாஸ்டர் அவர்களை அரியலூரிலேயே விட்டுவிட்டார். ஐந்தாவது ஆள் அறிவிப்பாளர் சிகாமணி அண்ணன். அவரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, “இது கச்சேரி இல்ல தம்பி, ஆல்பம்” என்றார் மாஸ்டர்.

கச்சேரிக்கும் ஆல்பத்துக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் திருமானூரிலிருந்து மூன்று இளைஞர்கள் என்னைத் தேடி வந்ததுதான். அவர்களும் ஆடல் பாடல் குழு வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு சொந்தமாக சி.டி. போடப் போகிறார்களாம். “அண்ணே, ஒங்க செகண்ட் கேசட்டு எப்புடிப் போட்டீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க” என்று கேட்டார்கள். நான் குழுவிலிருந்து ஓய்வு பெற்றவன். சால்வை போட்டு, மாலை போட்டு, முறைப்படி அனுப்பிவைக்கப்பட்டபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. இப்போது ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியின் எடைமேடையில் வேலை. ஓய்வு பெற்றவர்கள் இளையவர்களுக்கு அனுபவம் சொல்ல வேண்டும் என்பது முறை. ஆகவே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். முடித்த வருஷம் கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் இந்தக் குழுவின் ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. கூட்டத்தில் நின்ற நான் மேடையேறி ஃபியூஸ் கம்பி மாற்றிக் கொடுத்தேன். “என்ன படிச்சிருக்க?” என்றார் மாஸ்டர். சொன்னேன். “வந்துடு” என்றார். அன்றிலிருந்து என் பெயர் ‘டிகிரி’. வயர் சுருட்டவும், மைக் கத்தாமல் பார்த்துக்கொள்ளவும், மழை வந்தால் முதலில் எதை மூட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் இரண்டு வருஷம் ஆனது. பயிற்சி அவ்வளவுதான்.

எங்கள் குழு மற்ற குழுக்களைப் போல அல்ல. சினிமாப் பாட்டே போட மாட்டோம். எல்லாம் சொந்த மெட்டு, சொந்த வார்த்தை. பறையும் தவிலும் ரிதம் பேடோடு சேர்ந்து அடிக்கும். அதற்கு நாலு பேர் ஆடுவார்கள். ‘சினிமாப் பாட்டை எவன் வேணா அடிப்பான்’ என்பது மாஸ்டரின் கொள்கை. அவர் ஒருநாளும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. யார்மேலாவது கோபம் என்றால் கீபோர்டின் இடது கோடியில் இருக்கும் கட்டைக்குரல் கட்டையை அழுத்திவிட்டு அந்த ஆளைப் பார்ப்பார். கையை எடுக்க மாட்டார். ‘ம்ம்ம்ம்ம்’ என்று ஸ்பீக்கர் உறுமும். தப்பு செய்தவன் அதைத் திருத்தும்வரை உறுமும். ஒருமுறை ரிதம் பேடுக்காரர் வெற்றிலை போட்டுவரப் போய்விட்டார். திரும்பி வரும்வரை ஐந்து நிமிஷம் ஊரே அந்த உறுமலைக் கேட்டது. அதுவும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

மலரக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. கொட்டையின் பால் பட்டு இரண்டு கைகளின் விரல்களும் கறுத்திருக்கும். மேடையில் அந்த விரல்கள் தெரியாமலிருக்க மைக்கை முந்தானையால் சுற்றிப் பிடிப்பார். குழுவின் ஒரே பெண்குரல் அவர்தான். போஸ்டரில் மாஸ்டர் பெயர் இருக்கும், குமார் பெயர் இருக்கும், ‘கணீர்க் குரலோன்’ என்ற பட்டத்தோடு சிகாமணி அண்ணன் பெயர் இருக்கும், ஆட்டக்காரர்கள் படம் இருக்கும். கடைசியில் ‘மற்றும் குழுவினர்’ என்று இருக்கும். அந்த ‘மற்றும் குழுவினர்’ மலரக்கா. குமாருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு முந்நூறு ரூபாய், அவருக்கு இருநூற்றைம்பது. இதைப் பற்றி அவர் ஒரே ஒருமுறை கேட்டார். “செகண்ட் கேசட்டுல ஒனக்கு ஒரு முழுப்பாட்டு குடுக்குறேன் மலரு. அட்டையில பேரும் வரும். அப்பறம் நீயும் குமாரும் ஒண்ணுதான்” என்றார் மாஸ்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று திருவிழாக் காலம் ‘மற்றும் குழுவினர்’ஆகவே பாடினார்.

இனி, எங்கள் மேடை நடைமுறையைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

பாட்டு ஆரம்பிக்கும். பல்லவி முடியும். முதல் சரணம் போகும். அதற்குள் மேடைக்குக் கீழே யாராவது விழாக் கமிட்டிக்காரரிடம் பணம் கொடுப்பார். பதினொரு ரூபாய், இருபத்தோரு ரூபாய், ஐம்பத்தோரு ரூபாய். அவர் சிகரெட் அட்டையைக் கிழித்துப் பெயரெழுதி மேலே நீட்டுவார். சிகாமணி அண்ணன் வலது கையைத் தூக்குவார். உடனே மாஸ்டர் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடிப்பார். ரிதம் பேடு ‘டிக் டிக்’ என்று மட்டும் அடிக்கும். ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். நான் பாடகர்கள் மைக்கைக் குறைத்து, ஒன்றாம் மைக்கை ஏற்றி, எக்கோ கொடுப்பேன். “இந்தப் பாடலைப் பாராட்டி, கீழத்தெரு உயர்திரு மாணிக்கம் அவர்கள், அன்பளிப்பு, ரூபாய், இருபத்தொன்று... ஒன்று... ஒன்று...” வாசித்து முடித்ததும் கை இறங்கும். பாட்டு மறுபடியும் பல்லவியிலிருந்து ஆரம்பிக்கும். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கும் வழக்கம் கிடையாது. ஆகவே இரண்டாம் சரணத்தை அடைவதற்குள் அடுத்த சிகரெட் அட்டை வந்துவிடும். நான் சேர்ந்ததிலிருந்து எங்கள் குழு எந்தப் பாட்டையும் முடித்து நான் கேட்டதில்லை.

முதல் கேசட் இப்படிப்பட்ட ஒரு கச்சேரியை மிக்சரிலிருந்து நேராக டேப்பில் பிடித்ததுதான். லெப்பைக்குடிக்காடு காசிம் பாய் பெரம்பலூரில் கேசட் கடை வைத்திருந்தார். அவர்தான் பிரதி எடுத்து விற்றார். அமோக விற்பனை. சவுதிக்கும் துபாய்க்கும் போகிறவர்களின் பெட்டிகளில் துணிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே எங்கள் கேசட் போயிற்று. அங்கே ஒரு அறையில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டு அழுதார்களாம். இதைக் காசிம் பாய் சொன்னபோது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, “இசைக்கு மொழி, நாடு எதுவும் கெடையாது பாய்” என்றார். பாய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கடைக்கு ஆள் வந்ததால் விட்டுவிட்டார். அந்த ஆள் அன்று வராமலிருந்திருந்தால் எங்கள் சரித்திரமே வேறு.

அரைகுறைப் பாட்டுக்கே இவ்வளவு என்றால், சுத்தமாக, இடையூறு இல்லாமல், ஸ்டூடியோவில் போட்டால்? இப்படித்தான் மாஸ்டர் கணக்குப் போட்டார். படித்தவன் என்ற முறையில் நானும் தலையாட்டினேன்.

ஸ்டூடியோ என்ஜினியர் பெயர் டேவிட். பொறுமைசாலி. எல்லோர் காதிலும் ஹெட்போன் மாட்டி, தாளம் தப்பாமலிருக்க ஒரு ‘டக் டக்’ சத்தத்தை ஓடவிட்டார். முதலில் குமாரின் பாட்டு. பல்லவி நன்றாக வந்தது. முதல் சரணம் அதைவிட நன்றாக வந்தது. சரணம் முடிந்ததும் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். மாஸ்டர் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ரிதம் பேடு ‘டிக் டிக்’ என்றது.

டேவிட் சார் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் கேட்டார். “என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?”

“நிறுத்தலீங்களே” என்றார் மாஸ்டர். “வழி விட்டிருக்கோம்.”

“யாருக்கு?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி அதே இடத்தில் நின்றார்கள். கை பழகிவிட்டது. ஆறாவது முறை நான் ஒரு அட்டையில் ‘நிற்காதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடிக்கு வெளியே தூக்கிப் பிடித்தேன். யாரோ கையைத் தூக்குவதைப் பார்த்ததும் முன்னைவிடச் சுத்தமாக நின்றார்கள். ஹெட்போனில் எல்லோர் காதிலும் கட்டைக்குரல் உறுமியது. டேவிட் சார் ஏதோ மெஷின் பழுதாகிவிட்டதென்று எழுந்து ஓடினார்.

ஒருவழியாக இரண்டாம் சரணத்தைத் தாண்டினோம். அப்போது அடுத்த கேள்வி வந்தது.

“சரி மாஸ்டர், முடிவு எப்படி?”

“எதுக்கு முடிவு?”

“பாட்டுக்கு. எப்படி முடிப்பீங்க?”

மாஸ்டர் யோசித்துவிட்டு உள்ளதைச் சொன்னார். “நாங்க முடிச்சதில்லீங்க. கரண்டு போனா முடியும். இல்ல, விடிஞ்சா முடியும்.”

கடைசியில் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம் என்றார் டேவிட் சார். மாஸ்டருக்கு அது பிடிக்கவில்லை. “பஸ்ஸு தூரமாப் போற மாதிரி இருக்குங்க. ஜனங்க நாம ஓடிட்டோம்னு நெனைப்பாங்க.” ஆனால் வேறு வழியில்லை. ஏழு பாட்டுகள் அப்படித்தான் பஸ்ஸேறிப் போயின.

கடைசி நாள் மலரக்காவின் பாட்டு. லாரிப் பாட்டு என்று சொல்வோம். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் புருஷனைப் பெண்டாட்டி கேலி செய்வது. அதை முந்திரிக்கொட்டை உடைத்தபடி அவரே கட்டினார். மேடையில் முதல் சரணத்தோடு நிற்கும். அதில் புருஷன் தூசியோடு வந்து சோற்றில் தூசி விழும்.

“நான் முடிக்கிறேன் மாஸ்டர்” என்றார் மலரக்கா. “யாரும் எங்கயும் பாக்காதீங்க. என் வாயப் பாத்துக்கிட்டே வாங்க. நான் மூடுறப்ப நிறுத்துங்க.”

டேவிட் சாரிடம், “அந்த டக் டக்க எனக்கு மட்டும் எடுத்துடுங்க சார். அது கொட்டை ஒடைக்கிற சத்தம் மாதிரியே இருக்கு. வேலைக்கி வந்த மாதிரி இருக்கு” என்றார்.

ஒரே மூச்சு. முதல் சரணம் போயிற்று, இரண்டாம் சரணம் போயிற்று, மூன்றாவது வந்தது. அப்படி ஒரு சரணம் இருப்பதே மாஸ்டருக்கு அன்றுதான் தெரியும். “சக்கரத்த எங்கையில தந்துடு மச்சான், நீ சாக்கு மேல சாஞ்சு கொஞ்சம் தூங்கிடு மச்சான்” என்று அந்தப் பெண்டாட்டியே லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். தவில்காரர் சிரித்துக்கொண்டே அடித்தார். கடைசி வரியில் மலரக்கா வாயை மூடினார். ஐந்து பேரும் நின்றார்கள். டேவிட் சார் பேனாவை எடுத்து, “அம்மா பேரென்ன?” என்று கேட்டு டேப் பெட்டியின்மேல் எழுதினார். மலரக்கா கிட்டே போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எழுதியதைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “சரியாத்தானே எழுதியிருக்காரு தம்பி?” என்று என்னைக் கேட்டார். சரியாகத்தான் எழுதியிருந்தது.

கேசட்டை எடுத்துக்கொண்டு மாஸ்டரும் நானும் பெரம்பலூர் போனோம். காசிம் பாய் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

“மாஷா அல்லாஹ், பாட்டு நல்லாருக்கு மாஸ்டரே. ஆளு எங்க?”

“எந்த ஆளு?”

“பேருங்க. கீழத்தெரு மாணிக்கம், மேலத்தெரு ராமசாமி, அவங்கள்லாம் எங்க?”

“அது கச்சேரி பாய். இது ஆல்பம்.”

காசிம் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “நான் அன்னிக்கே சொல்ல வந்தேன், கஸ்டமரு வந்துட்டாரு. ரியாதுல எங்க மச்சான் ஒங்க கேசட்டப் போட்டு அழுதாருன்னு சொன்னேன்ல, பாட்டுக்கா அழுதாரு? அவரு சேக்காளி ஒருத்தரு ஊர்த் திருவிழாவுல இருபத்தோரு ரூவா குடுத்திருக்காரு. அந்தப் பேரக் கேட்டு அழுதாரு. பேரு வர்ற எடத்த மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டிருக்காங்க. அந்த எடத்துலதான் டேப்பு தேஞ்சு போச்சு. பேரு இல்லாம இத எவன் வாங்குவான்?”

கடையில் கீபோர்டு இல்லை. மாஸ்டர் மேஜையின் இடது கோடியை விரலால் அழுத்திக்கொண்டு நின்றார். நெடுநேரம் கழித்து, “பேரப் போட்டுடலாம்” என்றார்.

பதினொரு ஊர்களின் திருவிழா நோட்டுகளிலிருந்து பெயர்களைத் திரட்டினோம். இருநூற்றுப் பதினாறு பெயர்கள். ஒரு பெயருக்கு ஐந்து விநாடி என்றால் பதினெட்டு நிமிஷம். அறுபது நிமிஷக் கேசட்டில் இடமில்லை. தொண்ணூறு நிமிஷ நாடா மெல்லியது, டேப்பில் சுற்றிக்கொள்ளும், திருப்பிக்கொண்டு வருவார்கள் என்றார் பாய். பாட்டைத்தான் குறைக்க வேண்டும். மாஸ்டர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். “படிச்சவன் செஞ்சா யாருக்கும் மனத்தாங்கல் வராது” என்றார்.

நான் இரவுபகலாக யோசித்து இரண்டு விதிகள் வகுத்தேன். எவருக்கும் பாரபட்சம் காட்டாதவை. முதல் விதி: எல்லாப் பாட்டிலும் கடைசிச் சரணத்தை நீக்குவது. இரண்டாம் விதி: பெயர்களை ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஊருக்குள்ளும் அகர வரிசையில் அடுக்குவது. பணம் அதிகம், குறைவு, மேலத்தெரு, கீழத்தெரு என்ற பேச்சே கிடையாது. எழுத்துக்கு எல்லோரும் சமம். பட்டியலை எழுதி முடித்தபோது எனக்கே ஒரு பெருமிதம். நான் படித்ததன் பயனை அன்றுதான் கண்டேன் என்று நினைத்தேன்.

இந்தமுறை ஸ்டூடியோவுக்குச் சிகாமணி அண்ணனும் வந்தார். பட்டியலைப் பார்த்ததும் அவர் கணீர்க் குரல் கம்மிவிட்டது.

“என்ன தம்பி இது? ரேஷன் கார்டு லிஸ்டா?”

“அகர வரிசைண்ணே. மேடையில மட்டும் என்ன, சீட்டு வர்ற வரிசையிலதானே வாசிக்கிறீங்க?”

“யாரு சொன்னா? வலது கைக்கு வர்ற சீட்ட வாசிக்கிறேன். சட்டையில எடது சோப்புல எத்தன சீட்டு தூங்குதுன்னு நீ பாத்தியா? நாட்டாமை குடுக்கற வரைக்கும் மத்தவன் சீட்டெல்லாம் சோப்புல கெடக்கும். அவரு குடுத்தவுடனே அவருது மொதல்ல. அப்பறம் பங்காளிங்க. அப்பறம் தெருவாரியா. பதினஞ்சு வருசமா ஒரு சட்ட கிழியாம வூடு வந்து சேர்றேன்னா சும்மாவா?”

எனக்கு வருத்தமாக இருந்தது. நான்கு வருஷம் பக்கத்திலேயே நின்று அவர் மைக்குக்கு எக்கோ கொடுத்தவன், அந்தச் சட்டைப் பையைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் விதி விதிதான். “அதெல்லாம் பழைய முறைண்ணே” என்றேன். மாஸ்டரும், “டிகிரி சொன்னா சரியாத்தான் இருக்கும், வாசிங்க” என்றார்.

அன்றைக்கு யாரும் அழைக்காமலே மலரக்காவும் வந்திருந்தார். பஸ் பிடித்து, அரைநாள் கூலியை விட்டுவிட்டு. கம்ப்யூட்டர் திரையில் பாட்டுகள் கோடு கோடாக ஓடின. நான் காட்டிய இடத்தில் டேவிட் சார் வெட்டிக்கொண்டிருந்தார். லாரிப் பாட்டு வந்தது.

“எத வெட்டுற தம்பி?”

“எல்லாப் பாட்டுலயும் கடைசிச் சரணம்க்கா. பொது விதி.”

“குமாரு பாட்டுலயும்?”

“எல்லாத்துலயும்.”

“குமாரு பாட்டுல ரெண்டு சரணமும் ஒரே வார்த்தைதானே. வெட்டுனா அவனுக்கே தெரியாதே.”

டேவிட் சார் மவுஸின்மேல் கைவைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நிஜமா வெட்டணுமா?” என்றார். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டுக்கு விலக்குக் கொடுத்தால் விதி என்னாகும் என்று எனக்குத் தோன்றியது. “வெட்டுங்க சார்” என்றேன். லாரி, பெண்டாட்டி கைக்கு வராமலேயே நின்றது.

“அட்டையில பேராச்சும் வருமா மாஸ்டர்?”

“அட்டையில பதினோரு ஊரு பேரு போடணும் மலரு. எடம் பத்தல” என்றார் மாஸ்டர், காலண்டரிடம்.

மலரக்கா இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய்க் காசும் எடுத்து என் பட்டியலின்மேல் வைத்தார். “எம் பேரையும் எழுதிக்க தம்பி. பதினோரு ரூவா.”

“அக்கா, இது ஊர்க்காரங்க அன்பளிப்பு...”

“நானும் ஒரு ஊர்க்காரிதானே. எழுது. நீ எங்க எழுதுனாலும் சரி.”

எழுதினேன். மருதமுத்துவுக்கும் மாணிக்கத்துக்கும் நடுவில் வந்தது. சிகாமணி அண்ணன் வாசிக்கும்போது மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்ததைவிட ஒரு மாத்திரை நீட்டி, “பாடகி, மலர்க்கொடி அவர்கள்” என்றார். ‘பாடகி’ என்பது பட்டியலில் இல்லை. அடுத்த பஸ்ஸில் மலரக்கா போய்விட்டார். மறுவாரம் ஒத்திகைக்கு வரவில்லை. ஜெயங்கொண்டம் பக்கத்துக் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

கேசட் வந்த முதல் வாரம் நல்ல விற்பனை. இரண்டாவது வாரம் கொள்ளிடக் கரையோரத்து ஊர் ஒன்றின் நாட்டாமை வைத்தியலிங்கம், நாலு பேரோடு எங்கள் ஒத்திகைக் கொட்டகைக்கு வந்தார். ஐந்நூற்றொன்று கொடுத்தவர். அவர் ஊர்ப் பட்டியலில் அவர் பெயர் கடைசி. முதல் பெயர் அய்யாக்கண்ணு.

“அய்யாக்கண்ணு எவன்னு தெரியுமா?” என்றார். “எங்க வயல்ல மடை மாத்துறவன். பதினோரு ரூவா குடுத்தான். அவன் பேரு மொதல்ல. எம் பேரு கடைசி. எம் பேரு வர்றதுக்கு முன்னாடி டீக்கடையில எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுறான். யாரு எழுதுன லிஸ்டு?”

நான் முன்னால் வந்தேன். அகர வரிசை என்றால் என்ன, அதில் ‘வ’ ஏன் பின்னால் வருகிறது என்று மரியாதையாக விளக்கினேன்.

“அப்ப, அ-வுல பேரு வச்சவன்லாம் பெரிய மனுசனா? எங்கப்பன் எனக்குப் பேரு வக்கிறப்ப ஒன்னக் கேக்காம வச்சிட்டாரு, தப்புத்தான்.”

“அடுத்த கேசட்டுல வேணும்னா பின்னாலேருந்து...” என்று ஆரம்பித்தேன். கீபோர்டு உறுமியது. அவர்கள் போன பிறகும் உறுமிக்கொண்டிருந்தது. மாஸ்டர் என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வேறு யாருக்கும் ஃபியூஸ் மாற்றத் தெரியாது.

பதினொரு ஊரில் ஏழு ஊர் அடுத்த திருவிழாவுக்கு வேறு குழுவைக் கூப்பிட்டது. அய்யாக்கண்ணு மட்டும் காசிம் பாயிடம் நாலு கேசட் வாங்கியதாகக் கேள்வி. விதி தவறு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வெட்டு தவறு. திரையில் அந்தச் சரணம் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. எட்டு பெயரை விட்டிருந்தால் போதும்.

மீதமிருந்த ஊர்களில் ஒன்று பெரம்பலூருக்கு மேற்கே. அதன் கமிட்டிக்காரர் அட்வான்ஸ் கொடுக்க வந்தவர், பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “லாரிப் பாட்டு பாடுற அம்மா வருவாங்கள்ல?” என்றார். “எங்கூரு லாரிக்காரப் பயலுவ எல்லாம் அந்த ஒரு பாட்டத்தான் போடுறானுவ. அந்தம்மா இல்லன்னா வேணாங்க.” மாஸ்டர், “வருவாங்க” என்றார்.

மறுநாள் காலையில் மாஸ்டரும் நானும் முந்திரிக் கொட்டகைக்குப் போனோம். மலரக்கா கொட்டை உடைப்பதை நிறுத்தாமலேயே கேட்டார்.

“வாங்க மாஸ்டர். வா டிகிரி. லிஸ்டு எதுவும் கொண்டாந்திருக்கியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாஸ்டர் விஷயத்தைச் சொல்லி, “குமாருக்குக் குடுக்குறது ஒனக்கும் குடுத்துடறேன் மலரு. முந்நூறு” என்றார்.

“அது போன வருசத்து வெல மாஸ்டர்.” ஒரு கொட்டை உடைந்தது. “போஸ்டர்ல எம் பேரு, ஒங்க பேருக்கு மேல. மூணு சரணமும் பாடுவேன். நடுவுல எவன் சீட்டு குடுத்தாலும் நிறுத்தக் கூடாது, நாட்டாமையா இருந்தாலும் சரி. ரெண்டாயிரம் ரூவா.”

“ஒரு பாட்டுக்கா?”

“ஒரு பாட்டுக்குத்தான். முழுப் பாட்டுல்ல. போக வர ஆட்டோ தனி.”

மாஸ்டர் சட்டைப் பையில் கைவிட்டார், முன்பணம் கொடுக்க.

“இப்ப வேணாம்” என்றார் மலரக்கா. “பாட்டு முடிஞ்சப்பறம் குடுங்க.”

போஸ்டர் ஒட்டப்பட்டது. திருவிழா அன்று மலரக்கா மைக்கை முந்தானையால் சுற்றாமல் வெறுங்கையால் பிடித்தார். இரண்டாம் சரணத்தில் சீட்டுகள் வரத் தொடங்கின. சிகாமணி அண்ணன் எல்லாவற்றையும் வாங்கி இடது பையில் போட்டுக்கொண்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மூன்றாம் சரணம் வந்ததும், அதுவரை கூடவே பாடிக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கேசட்டில் அது இல்லை, அவர்களுக்குத் தெரியாது. பெண்டாட்டி சக்கரத்தைக் கேட்டதும் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், நான் மிக்சரில் எதை ஏற்றியும் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மலரக்கா வாயை மூடினார். எல்லோரும் நின்றார்கள்.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் எண்ணிக் கொடுத்தார். மலரக்கா ஒருமுறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஆட்டோவோடு சேர்த்து இரண்டாயிரத்து எண்பது ரூபாய்.